தாளிக்காத ரசமும் என் கல்யாணமும்

என் மாமியார் அந்த ரசத்தைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்போது அவர் என் மாமியார் ஆகியிருக்கவில்லை. ஆவாரா மாட்டாரா என்பதே சந்தேகமாக இருந்த நேரம். எங்கள் வீட்டுக் கூடத்தில், அப்பாவின் மடக்கு நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு ஸ்டூல், அதன் மேல் தட்டு. தட்டில் சோறு, சோற்றின் மேல் ரசம். அதில் கடுகு இல்லை, கறிவேப்பிலை இல்லை, வறமிளகாய் இல்லை. புளித் தண்ணீரைச் சுடவைத்து ஊற்றியது போல மஞ்சளாக ஓடியது.

"தாளிக்க மறந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"மறக்கலீங்க," என்றார் அம்மா. "தாளிக்கக் கூடாதுங்க. ஊருக்குள்ள கம்பம் நட்டிருக்குது."

"கம்பம் யாருக்கு? உங்களுக்கா?"

"மாரியம்மனுக்குங்க."

ஞானம்மாள் (அதுதான் அவர் பெயர்) தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். அங்கே சிலுவை தொங்கியது. மறுபடி ரசத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இந்த வீட்டிலிருந்தா பெண் எடுக்கப் போகிறோம் என்று கேட்கிற பார்வை.

ஒரு மரம், ஓர் ஊர்

என் தங்கை மகள் கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறாள். சமயம்தான் சமுதாயத்தைச் சேர்த்துப் பிடித்து வைக்கிறது என்று அறிஞர்கள் சொல்கிறார்களாம். போன மாதம் வந்திருந்தபோது அதை எனக்கு விளக்கோ விளக்கென்று விளக்கினாள். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டேன். எனக்கு விளக்கம் எதற்கு? நான் அப்படிப் பிடித்து வைக்கப்பட்டவள்.

கோயமுத்தூருக்கு வடக்கே இருந்தது எங்கள் ஊர். இன்று அதை ஊர் என்று யாரும் சொல்வதில்லை. காந்திபுரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடுகிறது. அன்று சோளக்காடும் பருத்திக்காடும் நடுவில் நாலைந்து தெருக்களும்தான். அப்பா அங்கே ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் புது டீச்சர். ஊரில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது ஒன்றுதான்.

சித்திரை பிறந்தால் மாரியம்மன் நோம்பி. எங்கள் பக்கத்தில் திருவிழா என்று சொல்வதில்லை, நோம்பிதான். மூன்று கிளை பிரிந்த ஒரு மரத்தை வெட்டிக்கொண்டு வந்து, மஞ்சள் பூசி, கோயிலுக்கு முன்னால் நடுவார்கள். அதுதான் கம்பம். அது அம்மனுடைய புருஷன் என்று சொல்வார்கள். விடிந்ததும் பெண்கள் ஈரச் சேலையோடு குடம் குடமாக அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். சாயங்காலம் பறை அடித்து ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள்.

கம்பம் நின்றுவிட்டால் ஊருக்குச் சட்டம் வந்துவிடும். ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. கல்யாணம் வைக்கக் கூடாது, அடுத்த ஊர்க் கல்யாணத்துக்கும் போகக் கூடாது. வீட்டில் எண்ணெய் காய்ச்சித் தாளிக்கக் கூடாது. விருந்தாளி வந்து ஓர் இரவு தங்கிவிட்டால், கம்பத்தைப் பிடுங்குகிற வரைக்கும் அவரும் ஊரை விட்டுப் போகக் கூடாது. எல்லாம் இரண்டு வாரத்துக் கதை. கடைசியில் பொங்கல் வைத்து, அம்மன் சப்பரத்தில் ஊர்வலம் போய்த் திரும்பியதும் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டுவிடுவார்கள். எல்லாரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கலைந்து போவார்கள்.

அந்த வருடம் கம்பத்தை நட்டார்கள். பிடுங்கத்தான் ஆள் இல்லை.

இரண்டு பெரிய மனிதர்கள்

ராமசாமிக் கவுண்டர் தோட்டம் துரவு உள்ளவர். சப்பரத்தின் முன்னால் நடக்கிற உரிமை அவருடையது. அப்பாவிடம் மருந்து வாங்கினால் அதைக் குடிப்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு காய்கறியைக் கொடுத்தனுப்பிவிடுவார். நல்ல மனிதர். ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார்.

கோவிந்தசாமி நாயுடு பருத்தியில் கொட்டை நீக்கிப் பஞ்சு எடுக்கிற ஜின்னிங் பாக்டரி வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். பாக்டரிக்குப் பக்கத்தில் தொழிலாளிகளுக்காக லைன் வீடுகள் கட்டியிருந்தார். எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்த பல சாதி ஜனங்கள் அங்கே இருந்தார்கள்.

கம்பம் நட்டு ஒரு வாரம் போன பிறகு, ஊர்க்கூட்டத்தில் நாயுடு எழுந்து, இந்த வருடம் சப்பரம் லைன் வீட்டுப் பக்கமும் வரவேண்டும் என்றார்.

"அதெப்படீங்க?" என்றார் கவுண்டர். "அப்பன் பாட்டன் காலத்துல இருந்து நாலு தெருதானுங்க. அம்மன் புது வழியில போறதுன்னா உத்தரவு வேணுமில்லீங்களா?"

"அந்தப் பொம்பளைங்க தெனமும் கம்பத்துக்குத் தண்ணி ஊத்தறாங்களே, அதுக்கு எந்த உத்தரவுங்க வந்துச்சு? தண்ணிய மட்டும் வாங்கிக்குவீங்க, ஊட்டு வாசலுக்கு வரமாட்டீங்களாக்கும்?"

"பொழைக்க வந்தவங்க, இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிருவாங்க. ஊரு அப்படிங்களா?"

இரண்டு பேரும் ஒரு மரியாதைக் குறைவான சொல்கூடச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சண்டை அப்படித்தான். 'ங்க' போட்டுக்கொண்டே ஒருவர் குடியை ஒருவர் கெடுத்துக்கொள்ள முடியும். லைனுக்கு வராவிட்டால் என் ஆட்கள் சப்பரத்தைத் தொடமாட்டார்கள் என்றார் நாயுடு. லைனுக்குப் போவதானால் நான் முன்னால் நடக்கமாட்டேன் என்றார் கவுண்டர். கவுண்டர் நடக்காமல் சப்பரம் கிளம்பாது, நாயுடு ஆட்கள் தோள் கொடுக்காமல் எழும்பாது.

வேறு ஊராக இருந்தால் வழியைப் பேசி முடித்துவிட்டுக் கம்பம் நட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் முதலில் நட்டுவிட்டுப் பிறகு பேசினார்கள். அதில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

சாதாரணமாக இப்படி மனஸ்தாபம் வந்தால் கவுண்டர் கொடுமுடியில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போய், காவேரியில் குளித்துக்கொண்டு, யாராவது வந்து கூப்பிடட்டும் என்று உட்கார்ந்துவிடுவார். நாயுடு மெட்ராஸுக்கு வியாபாரம் என்று கிளம்பிவிடுவார். இப்போது இரண்டு பேராலும் அசைய முடியவில்லை. தினமும் காலையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவேண்டியிருந்தது. இரண்டு பேர் வீட்டிலும் தாளிக்காத சோறு.

சமயம் ஊரைச் சேர்த்துப் பிடித்து வைக்கிறது என்று என் தங்கை மகள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது இதனால்தான். அவளுக்கு அது ஒரு கருத்து. எங்களுக்கு அது காலில் கட்டிய கயிறு.

நாங்கள் எதற்கு நடுவில்?

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள், நீங்கள் கிறிஸ்தவர்கள்தானே, உங்களுக்கென்ன என்று. அப்பாவும் அதைத்தான் கேட்டார், தினமும், தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு.

"நம்ம என்ன கம்பமா நட்டோம்?"

"நாம நடலீங்க," என்பார் அம்மா. "ஆனா தெருவுல நட்டிருக்குதுல்லீங்க. சுத்தி அத்தன சனமும் நாக்கக் கட்டிப்போட்டு இருக்கறப்ப, நம்மூட்டுல இருந்து கடுகு வாசம் போனா நல்லாவா இருக்கும்?"

அப்பா மோரை ஊற்றிக்கொள்வார். அதுவும் தாளிக்காத மோர்.

எனக்கு விஷயம் மோரோடு நிற்கவில்லை. போத்தனூர் ரயில்வேயில் கிளார்க்காக இருந்த சாமுவேலுக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தபோது ஒரு தடவையும், குருத்தோலை ஞாயிறு ஊர்கோலத்தன்று சர்ச் வாசலில் ஒரு தடவையும் பார்த்திருக்கிறேன். ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இல்லை, முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

ஈஸ்டருக்கு முன்னால் நோன்பு இருக்கிற லெந்து நாட்களில் எங்களில் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே ஈஸ்டர் கழிந்த பிறகு என்று நாள் குறித்தார்கள். இடையில் இரண்டு வாரம் கம்பத்துக்குப் போனாலும் நாள் மிச்சமிருந்தது. கம்பம் மாதம் தாண்டி நிற்கும் என்று யார் கண்டார்கள்?

அப்பா நாளைத் தள்ளி வைத்தார். மறுபடியும் தள்ளி வைத்தார். சர்ச்சில் போதகர் கூப்பிட்டுக் கண்டித்தார். "உம்ம மகள் கல்யாணத்துக்கு மாரியம்மன் உத்தரவு கொடுக்கணுமோ?"

"உத்தரவு வேண்டாமுங்க ஐயா," என்றார் அப்பா. "ஆளு வேணுமுங்க. இத்தன வருசமா அந்த ஊருல ஒவ்வொரு ஊட்டுக்கும் மருந்து கலக்கிக் குடுத்திருக்கறேன். அவிக ஒருத்தரும் இல்லாம வெறும் பெஞ்சுக்கு முன்னால எம் புள்ளையக் கட்டிக் குடுக்கமாட்டனுங்க."

அப்பாவுக்கு அது நியாயமாக இருந்தது. போத்தனூரில் இருந்தவர்களுக்கு அது சாக்குப்போக்காகத் தெரிந்தது. ஈரோட்டில் இன்னொரு டீச்சர் பெண் இருக்கிறாள், அவர்களுக்குக் கம்பமும் இல்லை கிம்பமும் இல்லை என்று யாரோ ஞானம்மாள் காதில் போட்டுவிட்டார்கள். ஒரு நாள் மத்தியானம், கைப்பையும் குடையுமாக, ஒன்று, கல்யாண நாளைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்று கேட்க அவரே வந்து இறங்கினார்.

கடைசி பஸ்

வந்தவர் சட்டென்று பேசிவிட்டுப் போயிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் அவர் ஒரு விஷயத்தைச் சொல்ல மூன்று விஷயங்களைச் சுற்றி வருகிறவர். ரயில்வே காலனியில் தண்ணீர்ப் பஞ்சம், சாமுவேலின் தகப்பனார் ரயில் கார்டு உத்தியோகத்தில் இருந்தபோதே இறந்துபோனது, ஈரோட்டுப் பெண்ணின் நிறம் என்று பேசிப் பேசிப் பொழுது சாய்ந்துவிட்டது. டவுனுக்குப் போகிற கடைசி பஸ் எங்கள் தெரு முனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அன்றைய இரவுச் சாப்பாடுதான் நான் முதலில் சொன்ன ரசம்.

மறுநாள் விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கூடவே போனேன். கோயில் முன்னால் பெண்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கவுண்டர் மனைவி நாச்சம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடியே வழியில் வந்து நின்றார்.

"ஏனுங் அம்மணி, எங்கீங்க கெளம்பிட்டீங்க? ராத்தங்கிட்டீங்களே."

"நாங்க வேதக்காரங்க. எங்களுக்கு இதெல்லாம் கிடையாது."

"அது எங்களுக்குத் தெரியுமுங்க. அம்மைக்குத் தெரியோணுமில்லீங்."

நாச்சம்மா இன்னும் தணிவாகச் சொன்னார். "உங்க சாமி உங்களப் பாத்துக்குமுங்க, இல்லீங்கல. வழியில உங்களுக்கு ஒண்ணுன்னா அந்தப் பழி எங்க ஊருக்குங்க. கம்பவுண்டரு ஊட்டு ஒரம்பரைங்க நீங்க. எங்களுக்கும் ஒரம்பரைதானுங்க."

உறவுக்காரருக்கும் விருந்தாளிக்கும் எங்கள் பக்கத்தில் ஒரே சொல், ஒரம்பரை. அந்தச் சொல்லுக்கு முன்னால் யாரும் ரொம்ப நேரம் விறைப்பாக நிற்க முடியாது.

ஞானம்மாள் முகத்தில் அம்மைத் தழும்பு உண்டு. சின்ன வயதில் அதே அம்மையில் அவருடைய அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். அன்று கம்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். மூட நம்பிக்கை என்று நான் அன்று மனதுக்குள் சிரித்தேன். இன்று சிரிக்க மாட்டேன்.

போத்தனூருக்கு ஆள் மூலம் தகவல் போனது. வருங்கால மாமியார் எங்கள் வீட்டில் கைதி. கடவுளே, இப்படி ஒரு சோதனை எந்தப் பெண்ணுக்கும் வேண்டாம். நான் காபி போட்டால் காபியைப் பார்ப்பார், கோலம் போட்டால் கோலத்தைப் பார்ப்பார். எதற்கும் ஒரு வார்த்தை கிடையாது. சாப்பாட்டு வேளை வந்தால் மட்டும் பெருமூச்சு.

ஆனால் பேச்சுத் துணை இல்லாமல் இருக்க அவரால் முடியாது. இரண்டு நாளில் நாச்சம்மாவோடு வெற்றிலை போட ஆரம்பித்தார். லைன் வீட்டிலிருந்து தண்ணீர் ஊற்ற வருகிற மாராத்தாளோடு பழக்கமானார். அந்தப் பெண்ணுக்கு ஜின்னிங் பாக்டரியில் வேலை, தலைமுடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். "நாங்களும் இந்த ஊருதானுங்களேம்மா, எம் மவன் இங்கதானுங்க பொறந்தான்" என்று அவள் அழாத குறையாகச் சொன்னதை ஞானம்மாள் அப்படியே வந்து அம்மாவிடம் ஒப்பித்தார். ஒரு வாரத்தில் ஊர்ச் சண்டை முழுவதும் அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

ஒரம்பரை பேசினார்

மறுபடி ஊர்க்கூட்டம். கோயில் முன்னால் வேப்பமர நிழலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தள்ளி நின்றோம். கவுண்டர் பழைய பல்லவியைப் பாடினார், நாயுடு பதிலுக்குப் பாடினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற ஞானம்மாளைக் காணோம். பார்த்தால் கூட்டத்துக்கு நடுவில், குடையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கூட்டத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் வாய் திறந்ததில்லை.

கவுண்டருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரம்பரையை உட்காரச் சொல்லலாம், சாப்பிடச் சொல்லலாம். வாயை மூடச் சொல்ல முடியுமா?

"சொல்லுங்கம்மா," என்றார்.

"அந்தக் கம்பத்தைப் பிடுங்கி எங்கே விடுவீங்க?"

"கெணத்துலீங்க."

"எந்தக் கிணறு?"

"எங்க தோட்டத்துக் கெணறுங்க. எப்பவும் அங்கதான்."

"அதுல தண்ணி இருக்கா?"

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்தக் கோடையில் அவர் கிணறு வெறும் சேறு. ஊருக்கே தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"ஜின்னிங் பாக்டரிக் கிணத்துல தண்ணி இருக்குன்னு மாராத்தா சொன்னா. அதுக்குப் போகணும்னா லைன் வீட்டு வழியாத்தானே போகணும்?"

"அது கம்பமுங்க. அம்மன் சப்பரம் வேற, கம்பம் வேறங்க," என்றார் கவுண்டர்.

"அதைத்தான் நானும் கேக்கறேன். கம்பம் அம்மனோட வீட்டுக்காரர்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. ஒரு வீட்டு விசேஷத்துக்கு வீட்டம்மாவால போக முடியலைன்னா வீட்டுக்காரரு போயிட்டு வர்றதில்லையா? நீங்க போறதில்லையா?"

முதலில் சிரித்தது நாச்சம்மா. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அது பெண்கள் பக்கம் பரவி, ஆண்கள் பக்கம் போய், கடைசியில் நாயுடு மீசைக்குக் கீழே எட்டிப் பார்த்தது. கவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் நாயுடு," என்றார் கடைசியில். "சப்பரம் நாலு தெரு. கம்பம் உங்க கெணத்துக்கு. சரிங்களா?"

நாயுடு தன் முடிவைச் சொல்லாமல் லைன் ஜனங்கள் நின்ற பக்கம் திரும்பினார். அதற்காக அவரை எனக்கு எப்போதும் பிடிக்கும். மாராத்தாள்தான் பேசினாள். "நாங்க தண்ணி ஊத்துனது அவருக்குத்தானுங்க. அவரு வந்தாப் போதுமுங்க."

அது முழு நியாயம் இல்லை. அம்மனே அந்த வாசலுக்குப் போக இன்னும் சில வருடங்கள் ஆயின, அதற்கு வேறு சண்டைகள் நடக்க வேண்டியிருந்தது. ஆனால் அன்று காலில் கட்டிய கயிறு அவிழ்ந்தது.

கம்பம் லைன் வீடுகள் வழியாகப் போன காலையில், ஒவ்வொரு வாசலிலும் அதை நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பாக்டரிக் கிணற்றில் அது விழுந்த சத்தம் கேட்டதோ இல்லையோ, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வாணலி ஏறியது. கடுகு வெடிக்கிற சத்தம் தெருத் தெருவாகக் கேட்டது. கறிவேப்பிலை வாசனையில் தெரு நாய்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டன.

எங்கள் சமையலறையில் அம்மா கரண்டியை எடுப்பதற்குள் ஞானம்மாள் எடுத்துவிட்டார். எண்ணெயை ஊற்றி, கடுகைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த அப்பா, "இனி கல்யாணம் நிக்காது" என்று என் காதில் சொன்னார்.

ஆட்சேபணை உண்டா?

சர்ச்சில் இடம் போதவில்லை. ஊரே வந்திருந்தது. பல பேர் வேட்டியில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் பாதிப்பேர் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டரும் நாயுடுவும் வேறு இடமில்லாமல் ஒரே பெஞ்சில். லைன் ஜனங்கள் கடைசியில், மாராத்தாள் தலையில் பஞ்சுக்குப் பதில் கனகாம்பரம்.

எங்கள் கல்யாண முறையில் ஒரு கேள்வி உண்டு. இந்தத் திருமணம் நடக்கக் கூடாது என்பதற்கு யாருக்காவது காரணம் தெரிந்தால் இப்போதே சொல்லவேண்டும் என்று போதகர் சபையைப் பார்த்துக் கேட்பார். வழக்கத்துக்காகக் கேட்பது. யாரும் பதில் சொல்வதில்லை, போதகரும் எதிர்பார்ப்பதில்லை.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது. கூட்டத்தில் ஒரு பெரியவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை.

கவுண்டர் எழுந்தார். துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்களுக்கு ஆட்சேபண ஒண்ணுமில்லீங்க," என்றார்.

போதகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அதற்குள் நாயுடு எழுந்துவிட்டார். கவுண்டர் சொல்லித் தான் சொல்லாமல் இருந்தால் என்ன ஆவது? "நம்ம பக்கமும் இல்லீங்க. நல்ல புள்ளைங்க."

கடைசிப் பெஞ்சில் மாராத்தாளும் லைன் ஜனங்களும் மொத்தமாக எழுந்து நின்றார்கள். "எங்களுக்கும் இல்லீங்க சாமி." நாச்சம்மா, பால்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று வரிசையாக எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள். போதகர் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு முக்காட்டுக்குள் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு, முதல் பெஞ்சில் ஞானம்மாள் எழுந்தார். சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, ஊர்க்காரர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"எனக்கும் இல்லை," என்றார்.

அதற்கப்புறம்தான் போதகர் என் பக்கம் திரும்பி, உனக்குச் சம்மதமா என்று கேட்டார்.